இருளப்பனின் விருப்பப் பட்டியல்

புளத்கொகுபிட்டியவுக்கு மேலேயுள்ள அந்தத் தேயிலைத் தோட்டத்தில், வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவின் வாசலில்தான் போனுக்கு ஒழுங்காகச் சிக்னல் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை சரோன் அங்கேதான் பாயை விரித்தாள். அந்தத் தோட்டத்து லயன் வீடொன்றிலிருந்து பல்கலைக்கழகம் போய் இரண்டாம் வருடம் படிப்பவள். உயர்தரப் பரீட்சை பாஸான சுதர்ஷினிக்குப் பல்கலைக்கழக விண்ணப்பம் நிரப்ப உதவ வந்திருந்தாள்.

சுதர்ஷினியின் அப்பா இருளப்பனும் வந்து இருவருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டார்.

"டாக்டர்னு போடும்மா."

"அதுக்கு மார்க்கு பத்தாது மாமா. புடிச்சத வரிசையா போடணும். அதுல மார்க்குக்கு ஏத்தது கெடைக்கும்," என்றாள் சரோன்.

"எனக்குச் சித்த வைத்தியம். முதல்ல யாழ்ப்பாணம், அடுத்தது திருகோணமலை," என்றாள் சுதர்ஷினி.

"யாழ்ப்பாணமா! ஒரு அவசரம்னா யாரு ஓடி வர்றது? பக்கத்துல எதாச்சும் போடு."

பக்கத்தில் உள்ளவற்றைச் சரோன் பல்கலைக்கழகக் கைநூலிலிருந்து வாசித்தாள். இருளப்பன் ஒவ்வொன்றுக்கும் ஒரு குறை சொன்னார். நில அளவை என்றால் வெயிலில் நிற்க வேண்டுமாம். உணவு விஞ்ஞானமா, அதை அம்மாவிடமே படிக்கலாமாம். ஒரு மணித்தியாலம் போயும் விண்ணப்பத்தில் பெயர் மட்டும்தான் இருந்தது.

சரோனுக்குப் பொறுமை போய்விட்டது. கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து அவரிடம் நீட்டினாள்.

"மாமா, நீங்க கெம்பஸ் போறதா இருந்தா என்ன படிப்பீங்க? ஒங்க லிஸ்ட்ட எழுதுங்க."

"நான் எட்டாம் வகுப்போட நின்னவன்."

"கவர்மெண்டா கேக்குது? நான்தானே கேக்குறேன்."

இருளப்பன் தாளோடு கைநூலையும் வாங்கிக்கொண்டு படியில் போய் உட்கார்ந்தார். ஒருமுறை மட்டும் தலையை நிமிர்த்தி, "சரோனு, பாட்டுக்கும் பட்டம் குடுக்குறாங்களா?" என்று கேட்டார். சற்று நேரத்தில் இன்னொரு தாள் கேட்டார்.

சரோன் பட்டியலை வாங்கிப் பார்த்தாள்.

"முதலாவது மீன்பிடி, மாத்தறை. அம்புட்டுத் தூரமா மாமா?"

"தூரம் பாத்தா புடிச்சத படிக்க முடியுமா?" என்றார் சட்டென்று.

சொன்ன பிறகுதான் மகளைப் பார்த்தார். அவள் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். இருளப்பனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"சரி சரி. ஒன்னோட யாழ்ப்பாணத்தையே போடு."

யாழ்ப்பாணம் கிடைக்கவில்லை, திருகோணமலை கிடைத்தது. இருளப்பன் மூன்று நாள் லீவு போட்டு, ரம்புக்கனையில் ரயிலேறி, மகளைத் தானே கூட்டிப் போனார். பதிவு மேசையில் ஒரு பெண் இருந்தார். எந்த ஒபிசிலும் பேசிப் பழகியபடி இருளப்பன், "மிஸ், மே மகே துவ..." என்று மகளைக் காட்டிச் சிங்களத்தில் தொடங்கினார்.

"ஐயா, தமிழிலயே கதையுங்கோ," என்றார் அந்தப் பெண்.

இருளப்பன் ஒரு கணம் திகைத்தார். "எல்லாமே தமிழ்லயா?"

"ஓம்."

அவ்வளவுதான். ரயிலில் யார் இடம் கொடுத்தார் என்பதிலிருந்து மகள் எடுத்த மார்க்கு வரை அவர் விலாவாரியாகச் சொல்லத் தொடங்கினார். பின்னால் வரிசை நீண்டது. சுதர்ஷினி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.