திமிங்கலத்தின் கண்

பல் டாக்டரின் தூக்கத்தைக் கெடுத்தது ஒரு திமிங்கலம். அதுவும் காகிதத் திமிங்கலம்.

இருநூறு வருஷத்துக்கு முன் அச்சான புத்தகம் ஒன்று அவரிடம் இருந்தது. மாலுமி ஒருவன் உலகைச் சுற்றி வந்த கதை. தோல் அட்டை, பொன்பூச்சு விளிம்பு, கறை படாத தாள். படங்கள் நாற்பத்தெட்டு என்றது கடைசிப் பக்கப் பட்டியல். எண்ணினால் நாற்பத்தேழுதான். திமிங்கலப் படத்தை எவனோ எப்போதோ உருவியிருந்தான்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார். ஆனால் அதே பதிப்பு சகலையிடம், அதாவது மனைவியின் தங்கையைக் கட்டிய அந்தப் பூகோள வாத்தியாரிடம் போய்ச் சேர்ந்ததே! பழைய பேப்பர் கடையில் பொறுக்கியது. அட்டை கிழிசல், உள்ளே புழு அரிப்பு. படங்கள் மட்டும் நாற்பத்தெட்டு.

குடும்பம் கூடினால் போதும். "சின்ன மாப்பிள்ளை, அந்தத் திமிங்கலத்தைக் காட்டுங்க" என்பார் மாமனார். பெரிய மாப்பிள்ளையின் பொன்விளிம்பைச் சீந்த ஆள் இல்லை. எல்லோரும் அந்தப் படத்தைத் தூக்கிப் பிடித்து என்னமோ சொல்லிச் சிரிப்பார்கள். டாக்டருக்கு வயிறு எரியும். முகத்தைப் பேப்பருக்குள் நுழைத்துக்கொள்வார். ஒரு தடவைகூட எட்டிப் பார்த்ததில்லை. குரங்கு கையில் பூமாலை, அதை வேறு போய்ப் பார்க்க வேண்டுமா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை வாத்தியார் வீட்டில் சாப்பாடு. மாடியில் புதிதாகக் கட்டிய அறையைப் பார்க்க எல்லோரும் ஏறினார்கள். டாக்டருக்கு மட்டும் முழங்கால் வலி வந்துவிட்டது; கீழே அவரும் அந்தக் கிழிந்த புத்தகமும்தான்.

சட்டைப் பையில் பல்லிடுக்குச் சுத்தம் செய்யும் நூல் எப்போதும் இருக்கும். ஒரு முழம் எடுத்து வாயில் நனைத்தார். திமிங்கலத் தாள் தைக்கப்பட்ட இடுக்கில் நீளமாகப் படுக்க வைத்துப் புத்தகத்தை மூடினார். முந்நூறு எண்ணினார். ஊறிய தாள், ஆடுகிற பால் பல் மாதிரி சத்தமில்லாமல் கையோடு வந்தது. அன்றைய பேப்பருக்குள் மடியாமல் வைத்துக்கொண்டார். பழைய புத்தகம்தானே, உதிர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வான்!

அன்றைக்கே தன் புத்தகத்தில் ஒட்டினார். திமிங்கலத்தின் கறுத்த கண்ணில் ஒரு வெள்ளைப் பொட்டு மின்னியது. "ஓவியன்னா இவன்தான்யா" என்று உருகிப்போனார்.

மறு வாரமே எல்லோரையும் வரவழைத்தார். "ஒரு வியாபாரிகிட்ட தனியாக் கிடைச்சுது" என்று புத்தகத்தை விரித்தார். மாமனார் கண்ணாடியைத் தேடினார். டாக்டருக்குக் கால் தரையில் பாவவில்லை.

வாத்தியாருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "அட, கிடைச்சுடுச்சா சகலை! உங்களுக்காக நானும் நாலு கடையில சொல்லி வெச்சிருந்தேன்."

அது சுருக்கென்று தைத்தது. ஆனாலும் டாக்டர் சிரித்து வைத்தார்.

அதற்குள் வாத்தியாரின் ஆறு வயது மகள் முண்டியடித்து வந்தாள். வழக்கம்போல் படத்தாளைத் தூக்கி நிறுத்தி, திமிங்கலத்தின் கண்ணில் தன் கண்ணை வைத்தாள்.

"ஐ! இந்தத் திமிங்கலத்துக்கும் கண்ணுல ஓட்டை! பெரியப்பா, நீங்க தெரியறீங்க!"

வாத்தியாரின் சிரிப்பு நின்றது. முந்தின தாளைத் தடவிப் பார்த்தார், அடுத்த தாளையும் பார்த்தார். இரண்டும் பளிங்கு மாதிரி இருந்தன.

"எங்க வீட்டுப் புழு பத்துத் தாளை வரிசையாத் துளைச்சுக்கிட்டுப் போச்சு" என்றார் மெதுவாக. "உங்க வீட்டுப் புழுவுக்கு இந்த ஒரு தாளோட பசி அடங்கிடுச்சு போல."

டாக்டரின் மனைவி கணவரைப் பார்த்தாள். மாமனார் கண்ணாடியைக் கழற்றி மடித்தார்.

குழந்தை மட்டும் ஓட்டையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"ஏன் பெரியப்பா குனிஞ்சுக்கிட்டீங்க? நிமிருங்க, உங்க மூஞ்சி தெரியல."