தப்பாகத் திருப்பிச் சொன்னது

தகப்பன் பத்து நிமிடம் தாமதமாக வந்தான். அதற்குள் தாய் மகளுக்குச் செருப்பை மாட்டிவிட்டு, வீட்டுக்குத் திரும்பத் தயாராகியிருந்தாள்.

பிரிந்து வாழும் பெற்றோர் வாராவாரம் குழந்தையைக் கைமாற்றிக்கொள்ளும் அலுவலக அறை அது. மூத்த அதிகாரிக்கு அன்று காய்ச்சல். சமூகப் பணியில் சேர்ந்து இரண்டே மாதமான பயிற்சிப் பெண்ணிடம், "வகுப்புல சொன்னதை அப்படியே செய்மா" என்று போனில் சொல்லிவிட்டார். சண்டையில் இருப்பவர் சொல்வதை நம் வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது பாடம். வகுப்பில் தோழிகள் சண்டைக்காரர்களாக நடித்தபோது அவளுக்குக் கைதட்டல்கூடக் கிடைத்தது. இப்போது எதிரில் இருந்தது நிஜச் சண்டை.

"போன வாரமும் இதே கதைதான். நான் கூட்டிட்டுக் கிளம்புறேன், மேடம்."

"பஸ் வரலைன்னு சொல்லுங்க மேடம். வேணும்னா லேட்டா வந்தேன்?"

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஐந்து வயது மகள் குனிந்து, செருப்பின் பட்டையைப் பிரிப்பதும் ஒட்டுவதுமாக இருந்தாள். சர்... சர்...

பயிற்சிப் பெண் தாயின் பக்கம் திரும்பினாள். "அதாவது, அவர் காக்க வைக்கிறது உங்களுக்கு அவமானமா இருக்கு. அப்படித்தானே?"

"அவமானமா? யாரு சொன்னா?" தாய் சீறினாள்.

வகுப்பில் யாரும் இப்படி மறுத்துச் சொன்னதில்லை. "நான்தான் தப்பா புரிஞ்சுக்கிட்டேன் போல. நீங்களே சொல்லுங்க."

தாய் குனிந்து மகளின் கையைச் செருப்புப் பட்டையிலிருந்து எடுத்துவிட்டாள். "லேட்டா வர்றவர் லேட்டாத்தானே கொண்டுவந்து விடுவாரு? ஆறு மணி ஏழாகும். அந்த ஒரு மணி நேரம் நான் ஜன்னல்கிட்ட நின்னுட்டு, இவ வருவாளா மாட்டாளான்னு..."

தகப்பன் முதன்முறையாக அவள் பக்கம் திரும்பினான். "திருப்பிக் கொண்டுவர மாட்டேன்னா நெனச்சே?"

தாய் மகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அஞ்சரைக்கே கிளம்பிடறோம். பஸ் ஏறினதும் போன் பண்றேன். இவளே பேசட்டும்."

தாய் குழந்தையின் பையை எடுத்தாள். போச்சு என்று நினைத்தாள் பயிற்சிப் பெண். பை தகப்பன் கைக்குப் போனது. "பாட்டில் மூடி சரியா நிக்காது. நிமிர்த்தி வைங்க."

அதை அவள் பயிற்சிப் பெண்ணிடம் சொல்லவில்லை, அவனிடமே சொன்னாள்.

தகப்பனும் மகளும் போனதும், பயிற்சிப் பெண் பக்கத்தில் கிடந்த, குழந்தைகளுக்கான கைவைத்த குட்டி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். மூத்த அதிகாரியின் போன் வந்தது.

"என்னம்மா ஆச்சு?"

"கூட்டிட்டுப் போயிட்டாரு மேடம். நான்தான் எல்லாத்தையும் தப்பாச் சொன்னேன்." சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது.

எழுந்தபோது இடுப்போடு நாற்காலியும் சேர்ந்து எழுந்தது. வாசலில் நின்றிருந்த தாய், கண்ணைத் துடைத்த கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு உள்ளே வந்து, நாற்காலியின் இரண்டு கால்களைப் பிடித்து இழுக்கத் தொடங்கினாள்.