வாசனை வராத சரக்கு

சட்டையின் மூன்றாவது பொத்தானைப் போடும்போது பெரியவள் வழக்கம்போல அப்பாவின் வலது மணிக்கட்டை அழுத்திப் பிடித்தாள். பிடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை, கை ஆடவில்லை. இத்தனை வருஷமாக யார் பேச்சையும் கேட்காத கை, வைத்த இடத்தில் வைத்தபடி கிடந்தது. இந்த ஒழுங்கை உயிரோடு இருக்கும்போது காட்டித் தொலைத்திருக்கக் கூடாதா என்று அவளுக்கு எரிச்சல்தான் வந்தது.

"எவ்வளவு அமைதியா இருக்காரு பாரு," என்றாள் அம்மா, கட்டிலின் மறுபக்கத்திலிருந்து. "அந்தச் சனியனைத் தொடாம இருந்திருந்தா இந்நேரம் டீயைக் குடிச்சிட்டு பேப்பர் படிச்சிட்டிருப்பாரு."

"அம்மா, அந்தச் சீப்பை எடு."

"உள்ளதைத்தானே சொல்றேன்."

அந்த உள்ளது ஊருக்கே தெரிந்ததுதான். அப்பா கிரேன் ஓட்டியவர். சரக்குக் கிடங்கில் நாலு மாடி உயரத்துக் கூண்டில் உட்கார்ந்து, லாரி நீளப் பெட்டிகளை முட்டையை வைப்பதுபோல் கீழே வைத்தவர். ஐம்பதைத் தாண்டியதும், நெம்புகோலைப் பிடிக்கப் போகிற கை பாதி வழியிலேயே ஆட ஆரம்பித்தது. அடுத்து நடை கெட்டது. காலை அகட்டி வைத்து, சுவரைத் தொட்டுத் தொட்டு நடந்தார். கூட வேலை செய்தவர்கள் "ஊஞ்சல்" என்று பெயர் வைத்தார்கள். கிடங்கு வாசலில் ஊதச் சொன்னார்கள், ஊதினார். கருவி ஒன்றும் காட்டவில்லை. கருவியை மாற்றினார்கள். புதுக் கருவியும் ஒன்றும் காட்டவில்லை. பிறகு ஆளை மாற்றிவிட்டார்கள்.

வீட்டில் கருவி எல்லாம் கிடையாது, அம்மாவின் மூக்குதான். சாயங்காலம் அவர் உள்ளே வரும்போது வாசலிலேயே மறித்து, "வாயைத் திறங்க" என்பாள். அவர் திறப்பார். இவள் குனிந்து மோந்து பார்ப்பாள். ஒரு வாசனையும் வராது. வேறு யாராவது என்றால் அப்பாடா என்று விட்டிருப்பார்கள். அம்மாவா விடுகிற ஆள்! "வாசனையே வராத சரக்கு ஒண்ணு புதுசா வந்திருக்கு, அதைத்தான் இவரு அடிக்கிறாரு" என்று அக்கம்பக்கமெல்லாம் சொல்லி முடித்தாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், செருப்பு அலமாரியில், தலையணை உறைக்குள் என்று தேடினாள். பாட்டில் எதுவும் சிக்கவில்லை. சிக்காததும் அவருடைய கில்லாடித்தனத்தின் கணக்கில்தான் சேர்ந்தது. அப்பா ஆரம்பத்தில் சத்தியம் செய்து பார்த்தார், அப்புறம் சண்டை போட்டார். கடைசிக் காலத்தில் கேட்பதற்கு முன்பே வாயைத் திறந்துகொண்டு வாசலில் நிற்பார்.

அதைப் பெரியவளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். நம்பவும் செய்தாள். அவளுக்கு அவள் பாடு. பதினாறு வயதாகியும் நாலு வயதுப் பேச்சு பேசுகிற மகன். சொன்னதையே சொல்வான், முகம் பார்க்க மாட்டான், சந்தோஷம் வந்தால் கையை உதறுவான். அவனுக்கு "கேப்டன்" என்று பெயர் வைத்தது அப்பாதான். புகுந்த வீட்டில், "குடிகாரன் பேரன் வேற எப்படி இருப்பான்?" என்று அவள் காதுபடவே சொன்னார்கள். அந்தக் கோபத்தை அவர்கள்மேல் காட்ட முடியாமல் அப்பாமேல் காட்டினாள்.

அவனை எத்தனையோ இடத்தில் காட்டியாகிவிட்டது. போன வருஷம்தான், பரம்பரை நோய்களை ஆராய்ச்சி செய்கிற ஒரு டாக்டரம்மாவிடம் போனாள். அந்தம்மா பையனைப் பார்த்து முடித்துவிட்டுச் சம்பந்தமே இல்லாமல் ஒன்று கேட்டார்.

"உங்க வீட்டுல வயசானவங்க யாருக்காவது கை நடுங்குமா? நடை தள்ளாடுமா?"

"எங்கப்பாவுக்கு. அவரு குடிப்பாரு டாக்டர்."

"குடிக்கிறதை நீங்க பார்த்திருக்கீங்களா?"

பெரியவள் யோசித்துப் பார்த்தாள். பார்த்ததில்லை. யாருமே பார்த்ததில்லை. இந்தக் கேள்வியைக் கேட்க அந்த வீட்டில் ஒரு ஆளுக்குத் துப்பில்லை.

சுகர் இருக்கிறதா என்று பார்க்கலாம் என்று பொய் சொல்லி அவரைக் கூட்டிப்போனாள். அவர் ஏமாறுகிற ஆள் இல்லை. நர்ஸிடம் கையை நீட்டிக்கொண்டு, "குடிச்சிருக்கேனான்னு பார்க்கத்தானேம்மா? எடுங்க. எவ்வளவு வேணும்னாலும் எடுத்து நல்லாப் பாருங்க," என்றார். நர்ஸ் சிரித்துவிட்டாள். நீட்டிய கை ஆடாமல் இருக்க, பெரியவள்தான் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

போன மாதம் டாக்டரம்மா முடிவைச் சொன்னார். "டைப் அடிக்கும்போது விரல் ஒரே இடத்துல மாட்டிக்கிட்டா அதே எழுத்து விழுந்துட்டே இருக்கும்ல, அந்த மாதிரி. ஒரு ஜீன்ல முப்பது தடவை வர வேண்டியது உங்கப்பாவுக்குத் தொண்ணூறுக்கு மேல வந்திருக்கு. அந்த அளவுக்கு வந்தா சின்ன வயசுல ஒண்ணும் தெரியாது. வயசானப்புறம் நரம்பைக் கெடுக்கும், கை நடுங்கும், நடை தள்ளாடும். உங்ககிட்டயும் அதேதான் இருக்கு. உங்க மூலமா மகனுக்குப் போகும்போது அது முன்னூறைத் தாண்டிடுச்சு. அவன்கிட்ட அந்த ஜீன் வேலையே செய்யலை. தாத்தாவோட நடுக்கமும் பேரனோட பிரச்சினையும் ஒரே இடத்துலேர்ந்து வருதுன்னு எங்களுக்கே கொஞ்ச காலமாத்தான் தெரியும்."

தினமும் சாயங்காலம் அப்பா போன் செய்தார். "ரிசல்ட் வந்துடுச்சா கண்ணு?"

"இன்னும் வரலைப்பா."

"மனுஷங்க பொய் சொல்லலாம். ரத்தம் சொல்லாதுல்ல?"

"சொல்லாதுப்பா."

என்னவென்று சொல்வாள்? நீங்கள் குடிகாரர் இல்லை, ஆனால் கேப்டன் இப்படி இருப்பது உங்களிடமிருந்து வந்தது என்றா? அந்த வீட்டில் அவர் வாயை மோந்து பார்க்காத ஒரே ஜீவன் கேப்டன்தான். இரண்டு பேரும் மொட்டைமாடியில் உட்கார்ந்து தூரத்துக் கிரேன்களைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். தங்கை வேறு நாலு மாதம் முழுகாமல் இருந்தாள், கல்யாணமாகி ஏழு வருஷத்துக்கு அப்புறம். அவளிடம் எந்த வாயால் சொல்வது? இன்னும் ஒரு வாரம் போகட்டும், இன்னும் ஒரு வாரம் போகட்டும் என்று பெரியவள் ஒத்திப்போட்டாள். நேற்று காலை அப்பாவோடு இருந்த அவள் அண்ணன்தான் போன் செய்தான், அப்பா போய்விட்டார் என்று.

தலையைச் சீவி முடித்தாயிற்று. தூக்கி ஹாலில் கிடத்த ஆள் கூப்பிட வெளியே வந்தாள். அண்ணன் வாசலில் நாற்காலிபோட்டு, வந்தவர்களுக்கு நடந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தான். நாலாவது ஐந்தாவது தடவையாக இருக்கும். கதை நன்றாகப் படிந்துவிட்டிருந்தது.

"பொழுது சாயுற நேரம். மாடிப்படியில விழுந்து கிடக்காரு. அப்படியே அள்ளிப் போட்டுக்கிட்டு ஓடினேன். டாக்டர் முதல்ல கேட்டதே, குடிச்சிருக்காரான்னுதான். டாக்டர்கிட்ட ஒளிக்கக் கூடாது பாருங்க. ஆமா சார், தினமும் குடிப்பாருன்னு உண்மையைச் சொல்லிட்டேன். சரி, தெளியட்டும், காலையில பார்க்கலாம்னு ஓரமா ஒரு பெட்டுல போட்டாங்க. காலையில போய் எழுப்புறேன், ஆள் இல்லை."

"தலையில அடியாமே?" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

"உள்ளுக்குள்ள ரத்தம் கசிஞ்சிருக்கு. உடனே ஸ்கேன் எடுத்திருந்தா தெரிஞ்சிருக்கும்னு இப்ப சொல்றாங்க. குடிகாரனுக்கு யாரு ராத்திரியில ஸ்கேன் எடுப்பா? எல்லாம் அந்தப் பாழாப்போன குடி."

பெரியவளுக்கு இது புதிது. விழுந்தார், இறந்தார் என்று மட்டும்தான் அவளிடம் சொல்லியிருந்தார்கள். அவள் அண்ணனின் முழங்கையைப் பிடித்தாள்.

"உள்ள வா."

"வண்டி வந்துடுச்சு, ஆளுங்க நிக்கிறாங்க..."

"நிக்கட்டும். வா."

சமையலறையில் தங்கை காகிதக் கோப்பைகளில் டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். அம்மா குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தாள். பெரியவள் கதவைச் சாத்தினாள்.

"அப்பா குடிக்கலை."

"ஆரம்பிச்சிட்டியா?" என்றான் அண்ணன். "இன்னைக்குமா?"

"ஒரு சொட்டு கூடக் குடிக்கலை. அது ஒரு நோய். ரத்தத்துல பார்த்துச் சொல்லிட்டாங்க. கேப்டனுக்கு இருக்கிறதும் அதேதான், அவருகிட்டேர்ந்து என் வழியா வந்தது."

டாக்டரம்மா சொன்னதைத் தனக்குத் தெரிந்த மட்டும் சொன்னாள். முடித்ததும் முதலில் வாய் திறந்தவன் அண்ணன்தான்.

"அப்ப எனக்கும் வருமா?"

"உனக்கு வராது. அப்பாகிட்டேர்ந்து இது பையனுக்குப் போகாது, பொண்ணுங்களுக்கு மட்டும்தான் போகும்."

அவன் மூச்சு விட்டது குழாய்ச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. கேட்டதென்று அவனுக்கே தெரிந்துவிட்டது. தரையைப் பார்த்தான். "நான் ஆஸ்பத்திரியில அப்படிச் சொல்லாம இருந்திருந்தா?" என்றான்.

ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லலாம்தான். அவளுக்கு வாய் வரவில்லை. "ஸ்கேன் எடுத்திருப்பாங்க," என்றாள். "எனக்கும் ஒரு மாசமாத் தெரியும். நான் சொல்லியிருந்தா நீ அப்படிச் சொல்லியிருக்க மாட்ட."

தங்கை டீப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "பொண்ணுங்களுக்குன்னா, எனக்கும் இருக்கா?"

"கண்டிப்பா இருக்கும்."

"உள்ள இருக்கிறதுக்கு?"

"வரலாம், வராமலும் போகலாம். பாதிக்குப் பாதி. இப்பவே பார்த்துச் சொல்லிடுவாங்களாம். நாள் தள்ளக் கூடாது, நாளைக்கே நான் கூட்டிட்டுப் போறேன்."

"பார்த்துட்டு என்ன செய்ய?"

தங்கையின் முகம் ஒரு மாதிரி இறுகியது.

"தினமும் போன் பண்ணிக் கேட்டாரே அந்த மனுஷன். அவருக்குச் சொன்னா நிம்மதியாப் போயிருப்பாரு. அவருகிட்ட மறைச்சிட்ட. என்கிட்ட மறைச்சிருந்தா நான் இன்னும் அஞ்சு மாசம் நிம்மதியா இருந்திருப்பேன். அதை வந்து கொட்டுற. உனக்கு எதை எங்க சொல்லணும்னே தெரியாதாக்கா?"

"தெரியலை," என்றாள் பெரியவள். "அண்ணன் வெளியில பேசினதைக் கேட்கலைன்னா உன்கிட்டயும் சொல்லியிருக்க மாட்டேன்."

தங்கை அழவில்லை. காகிதக் கோப்பைகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினாள், மறுபடி பிரித்தாள்.

அம்மா அதுவரை குழாயை மூடவில்லை. இப்போது மூடினாள்.

"அப்ப அந்தச் சரக்கு?"

"எந்தச் சரக்கும்மா? அப்படி ஒண்ணு உலகத்துலயே இல்லை."

"இத்தனை வருஷமா?"

"இத்தனை வருஷமா."

"அப்புறம் எதுக்கு அவரு தினமும் வாயைத் திறந்து காட்டினாரு?"

"நீதானேம்மா திறக்கச் சொன்ன?"

அம்மா ஈரக் கையைத் துடைக்க எதையோ தேடினாள். துணி அவள் தோளிலேயே கிடந்தது. அதை அவளிடம் யாரும் சொல்லவில்லை.

வெளியே வண்டிக்காரர் கதவைத் தட்டினார். அப்பாவை ஹாலுக்குக் கொண்டுவந்து அங்கிருந்த கட்டிலில் கிடத்தினார்கள். கேப்டன் வந்து தலைமாட்டில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் தாத்தாவின் வலது கையையே பார்த்தான். "தாத்தா கை ஆடலை," என்றான். "ஆடலை. ஆடலை." பிறகு அந்தக் கையைத் தன் இரண்டு கையாலும் எடுத்து, எப்போதும் ஆடுகிற அளவுக்கு, எப்போதும் ஆடுகிற மாதிரியே மெதுவாக ஆட்டினான்.

"டேய், விடுறா," என்றார் வந்தவர்களில் ஒருவர்.

"அவனை ஒண்ணும் சொல்லாதீங்க," என்றான் அண்ணன். வாசலில் அவன் சொன்ன கதையைக் கேட்டவர்கள் நாற்காலிகளில் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். புதிதாக வந்த ஒருவர் அவன் தோளைத் தட்டி, "குடி யாரைத்தான் விட்டுச்சு, விடுப்பா," என்றார். அண்ணன் தலையை ஆட்டினான். மறுத்தானா ஒப்புக்கொண்டானா என்று அந்த மனிதருக்கு விளங்கவில்லை. பெரியவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"தூக்கலாமாங்க?" என்றார் வண்டிக்காரர். "மயானத்துல நேரம் குடுத்திருக்காங்க, தாண்டினா காத்திருக்கணும்."

அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். கட்டிலைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். கடைசியாக ஒரு முறை முகத்தைப் பார்க்கிறாள் என்று நினைத்து, சுற்றி நின்றவர்கள் மரியாதைக்கு வேறு பக்கம் பார்த்தார்கள். பெரியவள் மட்டும் பார்வையை எடுக்கவில்லை. அம்மாவின் மூக்கு அப்பாவின் வாயருகே போய் நின்றது. சாயங்காலங்களில் வாசலில் நிற்குமே, அதே தூரத்தில்.

நிமிர்ந்தாள். யாரையும் பார்க்கவில்லை.

"தூக்கிடலாமாம்மா?" என்றார் வண்டிக்காரர்.

"கொஞ்சம் இருங்க," என்று சொல்லிவிட்டு அம்மா மறுபடியும் குனிந்தாள்.