இரண்டாம் ஞாயிற்றுத் திரி

திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு பூசைக்குப் பிறகு பங்குக் குழுவின் முடிவை வாசித்தார்கள். டிசம்பர் ஒன்று முதல் இருபத்தைந்து நாள் பங்கு முழுவதும் நோன்பு. இறைச்சி இல்லை, மீன் இல்லை. வீட்டுக்கு ஒரு ஸ்டிக்கர். முன்கதவில் ஒட்ட வேண்டும்.

லில்லிக்குட்டி ஒட்டினாள். மறுநாள் விடியுமுன் விழிஞ்ஞம் துறையில் மீன் எடுத்தாள். நாலு பெண்கள் சேர்ந்து பிடித்த ஆட்டோவில் பாலராமபுரம் வழியாக வந்து இறங்கினாள். எட்டு மணிக்கு மீன் நிறைந்த அலுமினியச் சருவத்தைத் தலையில் ஏற்றி அதே தெருவில் கூவினாள்.

மீன் தின்பதை நிறுத்தியிருந்தாள். விற்பதை நிறுத்தவில்லை.

மோசமான மாதம். இந்து வீடுகளில் ஆண்கள் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார்கள். வாடிக்கைக்காரி சரோஜம் கேட்டருகே நின்று கையை விரித்தாள்.

"எங்க வீட்டு அங்கேரு மலைக்குப் போயிட்டு வரட்டு லில்லி. அதுவரைக்கும் வீட்டுல மீன் மணம் ஆகாது."

"உங்க ஐயப்பனும் எங்க ஏசுவும் பேசி வச்சுல்லா வந்திருக்காவ."

"ரெண்டு பேருக்கும் உன் சருவத்து மேலயாக்கும் கண்ணு," என்று சரோஜம் சிரித்தாள்.

வாங்குகிறவர்கள் இருந்தார்கள். ஸ்டிக்கர் ஒட்டிய வீடுகளிலும் இருந்தார்கள். பின்பக்கம், கிணற்றடியில். மீன் இல்லாமல் சோறு இறங்காத பிள்ளைகள், மசக்கைக்காரிகள், படுக்கையில் கிடக்கும் தகப்பன்கள். காரணத்தை அவர்களே சொன்னார்கள். அவள் கேட்டதில்லை. புதன்கிழமை பின்சி இருபது சாளை மீன் வாங்கினாள். பின்சியின் கணவன் சஜு அந்தத் தெருவின் அன்பியத் தலைவன். முப்பத்திரண்டு வீடுகள் சேர்ந்த ஜெபக் குழு அது.

கோயிலில் பீடத்துக்கு முன்னால் பச்சை இலை வளையம். அதில் நான்கு மெழுகுதிரிகள். ஞாயிறுக்கு ஒன்றாக ஒரு குடும்பம் ஏற்றும். வீட்டு எண் வரிசையில். இரண்டாம் ஞாயிறு லில்லிக்குட்டியின் வீடு.

கோட்டுகாலில் கடல் வீட்டைக் கொண்டுபோன பிறகு அவளும் கணவன் பத்ரோஸும் இங்கே மூன்று சென்ட் நிலம் வாங்கி வந்தார்கள். ஆறு வருடம். காணிக்கை கொண்டுபோகவோ வாசகம் வாசிக்கவோ அவர்களை ஒருமுறையும் அழைத்ததில்லை. கடப்புறத்து ஆட்கள், பீடத்தில் மீன் மணம் வரும் என்று யாரோ சொன்னது அவள் காதுவரை வந்திருந்தது. இந்த வருடம் வரிசை அவளைத் தாண்ட முடியவில்லை. பத்ரோஸ் கொல்லத்தில் மீன்பிடி போட்டில் இருந்தான். "எனக்கு வர ஒக்காது, நீயும் பிள்ளையும் ஏத்துங்க" என்று போனில் சொன்னான். சொன்ன பிறகும் கொஞ்ச நேரம் போனை வைக்கவில்லை.

வியாழக்கிழமை மாலை அன்பியக் கூட்டம் சஜுவின் வீட்டில். ஜெபமாலை முடிந்தது. பின்சி பால் ஊற்றாத கட்டஞ்சாயா கொண்டுவந்தாள்.

"ஒரு காரியம் உண்டு," என்றான் சஜு. "நோம்புக்காலத்துல நம்ம அன்பியத்துக்குள்ள மீன் கச்சவடம். பக்கத்து அன்பியக்காரனுவ சிரிக்கானுவ."

"சிரிக்கட்டு," என்றாள் லில்லிக்குட்டி. "நான் திங்கல்லியே."

"சேச்சி திங்கல்ல. விக்குறீங்க. விக்கப்போய்த்தான் மத்தவங்க திங்குறாங்க."

"மக்கா, நோம்பு என் நாக்குக்கு. சருவத்துக்கு இல்ல."

ஓய்வுபெற்ற கண்டக்டர் செல்லையன் சிரித்துவிட்டார். சஜு திரும்பிப் பார்த்ததும் சாயாவைக் குடித்தார்.

"அப்போ வாங்குறது யாரு?" சஜு நோட்டைத் திறந்தான். "வீட்டுப் பேரச் சொல்லுங்க. நான் நேர்ல போய்ப் பேசிக்கிடுதேன். ஞாயிற்றுக்கிழமை திரி நீங்களே ஏத்துங்க."

"சொல்லல்லன்னா?"

"சொல்லல்லன்னா அடுத்த வீட்டு நம்பரு."

அடுத்த எண் சஜுவின் வீடு.

பின்சி காலித் தட்டை நெஞ்சோடு அணைத்து வாசற்படியில் நின்றாள். லில்லிக்குட்டி அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"கும்பசாரத்துல நான் என் பாவத்தத்தான் சொல்லுவேன்," என்றாள். "அடுத்தவன் பாவத்தச் சொன்னா அச்சனே நிறுத்திப்போடுவாரு. உனக்குச் சொல்லுவேனா?"

"இது கும்பசாரம் இல்ல சேச்சி."

"அதான். நீ அச்சனும் இல்ல."

சஜு நோட்டில் எதையோ அடித்து எழுதினான். செல்லையன் கடைசி ஜெபத்தைத் தொடங்கினார்.

வெள்ளிக்கிழமை கிறிஸ்துமஸ் ஆயத்தத்துக்கான கும்பசாரம். அவள் வரிசையில் நின்று தன் பாவங்களைச் சொன்னாள். மகளை வாய்க்கு வந்தபடி திட்டியது. செவ்வாய்க்கிழமை பழைய அயலை மீனைப் புதிது என்று விற்றது. சஜுவைப் பற்றி நினைத்தது. பரிகார ஜெபத்தை முழங்காலிட்டுச் சொல்லி முடித்தாள். கடைசி ஆள் போகும்வரை கோயில் முற்றத்தில் காத்திருந்தாள்.

"ஞாயிற்றுக்கிழமை யாரு திரி ஏத்துறது அச்சா?"

இளம் அச்சன். பங்குக் குருவாக வந்து எட்டு மாதம். "கமிட்டியில சஜு பேரு எழுதிக் குடுத்துட்டாங்க," என்றார். "நான் நடுவுல எடபட்டா இன்னொரு சண்டை. அடுத்த வருசம் பாக்கலாம். இதயும் ஒரு தியாகமா ஒப்புக்கொடுங்க."

"நானா குடுத்தா தியாகம் அச்சா. அவனுவ பறிச்சா அதுக்குப் பேரு வேற."

அவர் சாவிக்கொத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

"நீங்க சங்கடப்படாதீங்க. கேட்டுட்டுப் போவலாமுன்னுதான் நின்னேன்," என்று சொல்லி அவள் நடந்தாள்.

வீட்டில் மகள் லிஷா கேட்டாள். "ஒரு பேரச் சொல்லிட்டா என்னம்மா? அந்தப் பின்சிய மட்டும் சொல்லு. அவங்க வீட்டுக்குள்ள சண்டை வந்தா வரட்டு. அவங்க நமக்கு என்ன செஞ்சாங்க?"

"மீனு வாங்கினாவ."

"பின்கதவுல."

"எந்தக் கதவா இருந்தாலும் என்ன நம்பித்தான் திறந்தாவ. அந்த நம்பிக்க திரி ஏத்துறதுக்கு வெல இல்ல. நீ நாளைக்கழிச்சு நல்ல சுரிதாரு உடுத்துக்கோ."

"எதுக்கு? திரி ஏத்த நம்மள விளிக்க மாட்டாங்க."

"விளிக்காண்டாம்."

அந்தப் பங்கில் பூசை மலையாளத்தில் நடக்கும், சண்டை தமிழில் நடக்கும். ஞாயிறு காலை மைக்கில் மலையாளத்தில் அறிவித்தார்கள். இரண்டாவது திரியை ஏற்ற சஜுவின் குடும்பம் வரவும்.

சஜுவும் பின்சியும் எழுந்தார்கள். லில்லிக்குட்டியும் எழுந்தாள். லிஷா அவள் முந்தானையைப் பிடித்தாள். லில்லிக்குட்டி அதை விடுவித்துக்கொண்டு நடந்தாள்.

வளையத்தின் முன் மூன்று பேர். பாட்டுக்குழு பாடிக்கொண்டிருந்தது.

"சேச்சி, எறங்குங்க," என்றான் சஜு மெதுவாக.

"என் நம்பரு."

"பூசை முடியட்டு. பேசலாம்."

"முடியட்டு முடியட்டுன்னுதான் ஆறு வருசம் இருந்தேன்."

பாட்டு முடிந்தது. பாட்டுக்குழு அதையே முதலிலிருந்து பாடியது. அதுவும் முடிந்தது. கீபோர்டு நின்றது. கோயிலில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

அச்சன் கையில் எரியும் சிறு திரி. லில்லிக்குட்டியை இறங்கச் சொல்வதென்றால் எல்லோரும் கேட்கச் சொல்ல வேண்டும். மெழுகு உருகி அவர் விரலில் விழுந்தது.

லில்லிக்குட்டி கையை நீட்டினாள். மடக்கவில்லை.

பின்சி ஓரடி பின்னால் போனாள். சஜுவின் முழங்கையைப் பிடித்து அவனையும் இழுத்தாள். சஜு அவளைப் பார்த்தான். பின்சி கையை விடவில்லை. அவன் கொஞ்சம் நின்றான். பிறகு நகர்ந்தான்.

அச்சன் திரியைக் கொடுத்தார்.

புதுத் திரி உடனே பற்றவில்லை. அவள் அவசரப்படவில்லை. சாய்த்துப் பிடித்தாள். பற்றியது. சிறு திரியை அச்சனிடம் திருப்பிக் கொடுத்து, பீடத்துக்குத் தலை வணங்கி, வந்த வழியே நடந்தாள்.

லிஷா நகர்ந்து இடம் விட்டாள்.

"அம்மா, எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டு. நாளைக்குச் சருவத்துல நெத்தோலி உண்டு."