வாசலில் நின்ற சம்மந்தி

கழுகுமலையில் பெண் வீட்டு வாசல் வரைக்கும் வேல்சாமி நன்றாகத்தான் வந்தார். பசுவந்தனையிலிருந்து வந்த வேனை விட்டு இறங்கி, வேட்டியைச் சரிசெய்து, "உளுந்துக்கு இன்னும் ஒரு மழை கெடச்சாப் போதும்" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டே வந்தவர், நிலைப்படிக்கு முன்னால் நின்றுவிட்டார்.

பின்னால் பூத்தட்டோடு வந்த மகள் வனிதாவுக்கு உடனே புரிந்துவிட்டது. அப்பாவுக்கு நடுக்குவாதம். வாசல் மாதிரிக் குறுகலான இடம் வந்தால் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். மூளை காலுக்கு எப்படி ஆணையிடுகிறது, அந்த ஆணை எங்கே சிக்கிக்கொள்கிறது என்பதைத்தான் அவள் பெங்களூரில் ஆராய்ந்துகொண்டிருக்கிறாள். மேடைக்கு மேடை, "நோயை மறைக்காதீர்கள், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை" என்று பேசுகிறவள். தம்பி அருண்பாண்டியனுக்குச் சம்பந்தம் தகைந்ததும், "நிச்சயம் முடியுற வரைக்கும் யாரும் வாயத் தொறக்கக் கூடாது" என்று வீட்டில் எல்லாருக்கும் உத்தரவு போட்டவளும் அவள்தான். பரம்பரை வியாதி என்று பெண் வீட்டார் பயந்துவிடுவார்களாம். பெண் பார்க்க வந்தபோது அப்பாவை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தாள். இன்றைக்கு அப்படி விட முடியவில்லை. தாம்பூலம் மாற்ற அப்பா வேண்டுமே.

இப்போது செய்ய வேண்டியது ஒன்றும் பெரிய வித்தையில்லை. அவர் காலுக்கு முன்னால் தன் காலைக் குறுக்கே நீட்டினால் போதும். நடக்க மறுக்கிற கால், தாண்ட மறுக்காது. எத்தனையோ நோயாளிகளுக்குச் செய்திருக்கிறாள். இங்கே செய்தால் என்ன ஏதென்று கேட்பார்கள். தட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

மாப்பிள்ளையின் தகப்பனார் வாசலோடு நின்றால் இந்தப் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: மரியாதையில் ஏதோ குறை. பெண்ணின் அப்பா பிச்சையா பதறிக்கொண்டு ஓடிவந்தார்.

"வாங்கண்ணாச்சி, உள்ள வாங்க. என்ன அங்கனயே நின்னுட்டீங்க?"

வேல்சாமி திரும்பி மகளைப் பார்த்தார். அவள் தட்டிலிருந்த பூவைப் பார்த்தாள்.

"முறையாக் கூப்பிடாம எப்படி வாரது?" என்றார் வேல்சாமி.

வனிதாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. யார் வீட்டு விசேஷமென்றாலும் கூப்பிடுவதற்கு முன்பே போய்ப் பந்தல் வேலையைப் பார்க்கிற மனுஷன். முறுக்கிக்கொண்டு நிற்க அவருக்குத் தெரியவே தெரியாது. அவளுடைய பொய்யைக் காப்பாற்றத்தான் இப்போது முறுக்குகிறார்.

"வேன் சத்தம் கேட்டதுமே வந்திருக்கணும், தப்புதான்" என்று பிச்சையா தோளில் கிடந்த துண்டை எடுத்துக்கொண்டு குனிந்து கும்பிட்டார். அந்த அவசரத்தில் துண்டு கைநழுவி, வேல்சாமியின் காலுக்கு முன்னால் குறுக்கே விழுந்தது. அவருடைய கால் தன்னால் எழுந்தது. துண்டைத் தாண்டி உள்ளே போய்விட்டார்.

"மாப்பிள்ளைக்கு அப்பான்னா, துண்டத் தாண்டியா வருவாவ?" என்றாள் கூடத்தில் இருந்த ஒருத்தி. பிச்சையா துண்டை எடுத்து உதறி மறுபடியும் தோளில் போட்டார். அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க வனிதாவுக்குக் கூசியது. இப்போதாவது சொல்லிவிடலாம்.

வேல்சாமிதான் சொன்னார்.

"அண்ணாச்சி, திமிர்ல தாண்டல. எனக்கு நடுக்குவாதம். வாசலக் கண்டா காலு நகராது. மறைச்சது எங்க தப்பு. பொண்ணு தாரதும் தராததும் ஒங்க இஷ்டம்."

பிச்சையா அவர் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். "உக்காருங்க சம்மந்தி. இதச் சொல்லியிருந்தா நானே கைத்தாங்கலாக் கூட்டிட்டு வந்திருப்பேன்லா."

வனிதாவிடம் திரும்பினார். குரலில் ஒரு குத்தலும் இல்லை. "தாயி, நீங்க இதப் பத்தித்தான் ஆராய்ச்சி செய்யுதீங்கன்னு மாப்பிள்ளை சொன்னாவ. ஒங்களாலயும் ஒண்ணும் செய்ய முடியலையாம்மா?"

"அவ என்ன செய்வா" என்று வேல்சாமி முந்திக்கொண்டார். "இதுக்கு வைத்தியமே கிடையாதுல்லா."

"செஞ்சிருக்க முடியும், மாமா" என்றாள் வனிதா. "ஒரு நிமிஷங்கூட ஆகாது. எல்லாரும் பாக்காங்களேன்னு வெக்கமா இருந்துச்சு. அதான் சும்மா நின்னுட்டேன்."

"புள்ள பெங்களூர்லருந்து ராத்திரி பஸ்ஸுல தூக்கமில்லாம வந்திருக்கா, என்னமோ பேசுதா" என்று வேல்சாமி மறுபடியும் மகளுக்காகப் பொய் சொல்ல ஆரம்பித்தார்.