ஒரே எண்ணில் குடியிருந்தவர்கள்

ஸ்ரீதேவிக்குப் பிடிபடாத விஷயம் சின்னதுதான். ஓர் இணையச் சூதாட்டத் தளத்தின் பெயரை அலுவலகக் கணினியில் தட்டினால் ‘அனுமதி இல்லை’ என்று வருகிறது. ஆனால் ஊழியன் ஆல்வினின் கணினி மதிய இடைவேளைகளில் அங்கே போய் வந்திருப்பதாக வலையமைப்பின் பதிவு சொல்கிறது. பூட்டின கதவுக்குள் எப்படிப் போனான்?

சதாசிவத்துக்குக் குழப்பமே இல்லை. பரனூர் ஐ.டி. வளாகத்தில் இருந்த அந்த நிறுவனத்தின் பாதுகாப்பு மேலாளர் அவர். “பேரைத்தானேம்மா நம்ம தடுப்பு பாக்குது? நம்பரைப் போட்டு உள்ள பூந்துட்டான்” என்றார். பதிவில் தளத்தின் பெயர் இருக்காது, ஐ.பி. எண் மட்டும்தான். அந்த எண்ணை அவரே தட்டிக் காட்டினார். சக்கரமும் சீட்டுக்கட்டுமாகத் திரை மினுங்கியது. “ஏசி போட்டு, கேன்டீன் வெச்சு, சீட்டாட லைனும் குடுத்துகீறோம். துரைக்கு வேற இன்னா வேணும்?”

நான்கு மணிக்குக் கூட்டம். வேலைநீக்கக் கடிதத்தில் கையெழுத்துதான் பாக்கி.

2007ஆம் வருடம் அது. சதுரங்கப்பட்டினத்திலிருந்து வந்துபோய்க் கொண்டிருந்த ஆல்வின், அவன் வீட்டில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள். இந்தக் காரணத்தோடு வெளியே போனால் வேறெந்தக் கம்பெனியும் சேர்க்காது. வலையமைப்பைக் கவனிக்கும் ஸ்ரீதேவி அவனைத் தனியே கூப்பிட்டுக் கேட்டாள். சூது ஆடவில்லை என்றான். பின்னே எங்கே போனாய் என்றாள்.

“அத்தக் கேக்காதீங்க மேடம். சொன்னா அதுக்கும் ஒரு ரூல் கீது.”

அவள் தன் இடத்துக்குத் திரும்பி அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஐ.பி. எண் ஒரு கணினியின் விலாசம். ஒரு தளத்தின் விலாசம் அல்ல. வாடகைக் கணினி ஒன்றில் நூறு தளங்கள்கூடக் குடியிருக்கலாம், அடுக்குமாடிக் குடியிருப்பில் பல வீடுகள் இருப்பதைப் போல. உலாவி வாசலுக்குப் போனதும் ‘இன்ன பெயர்க்காரரின் பக்கம் வேண்டும்’ என்று கேட்கிறது. பெயர் சொல்லாமல் வெறும் எண்ணோடு வந்து நிற்பவருக்கு, அந்தக் கணினி தன் வரிசையில் முதலில் இருக்கும் தளத்தைக் காட்டிவிடுகிறது. சதாசிவம் பார்த்தது அதைத்தானோ?

அப்படியென்றால் அங்கே வேறு யார் யார் குடியிருக்கிறார்கள்? எண்ணைக் கொடுத்துப் பெயரைக் கேட்கும் வழக்கமான முறையில் முயன்றாள். வாடகைக்கு விட்ட கம்பெனியின் பெயர் மட்டும் வந்தது. பெயருக்கு எண் சொல்லும் ஏற்பாடு உலகம் முழுக்க இருக்கிறது. எண்ணுக்குள் இருக்கும் எல்லாப் பெயர்களையும் சொல்லும் ஏற்பாடு இல்லை. மணி மூன்றைத் தாண்டியிருந்தது.

அப்போதுதான் ஒரு தேடுபொறி நினைவுக்கு வந்தது. அது தளம் தளமாகப் போய்ப் பக்கங்களைச் சேகரிக்கிறது. எந்த எண்ணிலிருந்து எடுத்தோம் என்பதையும் குறித்து வைத்துக்கொள்கிறது. அந்தக் குறிப்பைத் திருப்பிக் கேட்டால் போதும். தேடும் பெட்டியில் ‘ip:’ என்று அடித்து எண்ணைச் சேர்த்தாள். நாய்க்குட்டி விற்பவர், பல் மருத்துவர், அந்தச் சூதாட்டக்காரர் என்று வரிசையாக வந்தார்கள். அடுத்த பக்கத்தில் மாமல்லபுரம் லாட்ஜ் ஒன்று. திறந்தாள். உரிமையாளர் தாவீது. கடைசி வரியில் பொடி எழுத்தில், வடிவமைப்பு: ஆல்வின்.

திரும்பக் கூப்பிட்டபோது அவன் உடைந்துவிட்டான். “அக்கா வூட்டுக்காரர் லாட்ஜு மேடம். டப்பு ஒண்ணும் வாங்கல. யாராச்சும் ரூம் கேட்டு எழுதிகீறாங்களான்னு பாத்துகினு இருப்பேன். வெளி வேலை செஞ்சா அனுப்பிடுவாங்கன்னு பயந்துகினு...”

நம்பினாள். ஆனால் சதாசிவம் நம்பமாட்டார். இரண்டுக்கும் போயிருப்பான் என்பார். பட்டியல் காட்டுவது எங்கே போயிருக்கலாம் என்பதை மட்டும்தான். எங்கே போனான் என்பதற்கு இன்னொரு அடையாளம் வேண்டும்.

பதிவில் ஒவ்வொரு வருகைக்கும் எத்தனை பைட் தகவல் வந்து இறங்கியது என்பதும் இருந்தது. சும்மா கிடந்த ஒரு கணினியில் உலாவி முன்பே சேமித்து வைத்திருந்த பக்கங்களை அழித்துவிட்டு லாட்ஜின் தளத்தைத் திறந்தாள். பதிவில் விழுந்த அளவைக் குறித்துக்கொண்டாள். பிறகு வெறும் எண்ணைத் தட்டினாள். படம் படமாக இறங்கிய சூதாட்டப் பக்கம் அதைப்போலப் பல மடங்கு. எந்தத் தளமானாலும் முதல் தடவை போகும்போது முழுப் பக்கமும் இறங்கியே ஆகவேண்டும். ஆல்வினின் முதல் வருகையைத் தேடி எடுத்தாள். லாட்ஜின் அளவு. அதற்குப் பின் வந்தவையெல்லாம் அதைவிடச் சிறியவை; சூதாட்டப் பக்கத்தின் அளவு ஒரு தடவைகூட இல்லை.

கூட்ட அறையில் சதாசிவம் பேனாவைத் திறந்து வைத்திருந்தார். தாள்களை வாங்கி, இரண்டு அளவுகளையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அனுமதியில்லாத வெளி வேலைக்கு ஓர் எச்சரிக்கை போதும் என்று கடிதத்தை நகர்த்தி வைத்தார். பிறகு, அடுத்த தடவை இப்படி ஓர் எண் வந்தால் தான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார்.

“எண்ணைத் தட்டிப் பாத்து முடிவு பண்ணாதீங்க சார். அந்த எண்ணுல இருக்கிற பேரையெல்லாம் தேடுபொறியில எடுங்க. அதோட குறிப்பு பழசா இருக்கலாம், அதனால ஒவ்வொரு பேருக்கும் இன்னிக்கும் அதே எண்தானான்னு சரிபாருங்க. அப்புறம் ஒவ்வொண்ணையும் புதுசாத் திறந்து, இறங்கின அளவைப் பதிவுல இருக்கிற முதல் வருகையோட ஒப்பிடுங்க. எது பொருந்துதோ, அங்கதான் போயிருக்காங்க.”