மதியம் ஒன்று வரை துடித்த தாள்

குழந்தையின் மேல் புது க்ரோமா துண்டைப் போர்த்தியிருந்தார்கள். மூன்று கிலோ, தலை நிறைய முடி, வழுவழுவென்று தோல். மூச்சைத் தவிர அவனிடம் ஒரு குறையும் இல்லை.

"கொண்டு வரும்போதே உயிர் இல்ல" என்று சொல்லிவிட்டு டாக்டர் வுத்தி நகர்ந்துவிட்டார். சொல்லிவிட்டார், தீர்ந்தது! அதைப் பிடித்துக்கொண்டு நாத்தனார் பிசே கட்டிலருகே நின்று, பிள்ளை பெற்ற கொலாப்பைக் கரித்துக் கொட்டினாள்.

"படிச்சுப் படிச்சு சொன்னேனேடி, தொன்லே சாப் ரோட்டுல பைக்ல போகாதேன்னு! குலுங்கக் குலுங்க வந்து புள்ளைய வழியிலயே கொன்னுட்டியே!"

கொலாப் தன் வயிற்றில் தானே ஓங்கிக் குத்திக்கொண்டாள். மருத்துவச்சி மாலிஸ் பாய்ந்து அவள் கையைப் பிடித்தாள். மாலிஸுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. காலை ஏழரைக்கு அந்த வயிற்றில் குழல் வைத்துக் கேட்டவள் அவள்தான். நிமிடத்துக்கு நூற்று நாற்பத்திரண்டு துடிப்பு. குதிரை ஓட்டம்!

அதற்குப் பிறகுதான் மாகாண அதிகாரிகள் வந்தார்கள். சுத்தமான மருத்துவமனைக்குப் பரிசாம். வாசலில் தாமரை மொட்டோடு நிற்க ஆள் வேண்டுமாம். ஒன்பது பிரசவ வலிக்காரிகளுக்கு இருந்ததே ஒரு மருத்துவச்சி, அவளையும் வாசலுக்கு இழுத்தார்கள்.

"தாள் காலியா கெடந்தா மானம் போயிடும்" என்றார் வுத்தி. அரைமணிக்கு ஒரு முறை வயிற்றில் கேட்டு, துடிப்புத் தாளில் புள்ளி வைக்க வேண்டும். மாலிஸ் வழக்கம்போல, கேட்காமலே முன்கூட்டி மொத்தமாக வைத்துவிட்டுப் போனாள். நூற்று நாற்பது, நூற்று நாற்பது, மதியம் ஒன்று வரைக்கும். அங்கே எல்லோரும் செய்வதுதான், வெட்கங்கெட்ட வழக்கம்.

பதினொன்றரைக்குத் திரும்பி வந்து கேட்டபோது ஒன்றுமே கேட்கவில்லை. பன்னிரண்டேகாலுக்குப் பிறந்தான். அவன் செத்துப் பிறந்த பிறகும் தாளில் முக்கால் மணிநேரம் துடித்துக்கொண்டிருந்தான்.

வுத்தி அவளை நடைவழிக்கு அழைத்தார். "அந்தத் தாளைக் கிழிச்சுப் போடு. தோல் உரிஞ்சிருந்துச்சு, செத்து ரெண்டு நாளாச்சுன்னு புதுசா எழுது."

"எங்க டாக்டர் உரிஞ்சிருக்கு? வந்து தொட்டுப் பாருங்க!"

"கத்தாத. அதுல இருக்கிறது உன் கையெழுத்து. வேலை போகும், ஜெயிலுக்கும் போவே. போன மூணு புள்ளைக்கும் இப்படித்தானே எழுதினே? இன்னிக்கு மட்டும் என்ன புது ரோஷம்?"

உண்மைதான். மூன்றையும் எழுதியது அவள் கைதான். மூன்று பெண்கள் பிள்ளையைக் கொன்றவள் என்ற பெயரோடு வீட்டுக்குப் போனார்கள். சீ, என்ன பிழைப்பு இது!

மாலிஸ் தாளை எடுத்துக்கொண்டு கட்டிலருகே வந்தாள்.

"பிசே அக்கா, போதும், வாயை மூடுங்க. இவ வரும்போது புள்ள உயிரோட இருந்தான். நானே கேட்டேன். அப்புறம் நாலு மணிநேரம் யாரும் கேக்கல. இந்தப் புள்ளியெல்லாம் பொய், நான் வெச்சது."

பொய்ப் புள்ளிகளை ஒவ்வொன்றாகக் கோடு போட்டு அடித்தாள். தான் சொன்னதையே கொலாப்பின் கர்ப்பிணி நோட்டிலும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். தாளை வுத்தி கிழிக்கலாம், நோட்டு தாயோடு வீட்டுக்குப் போய்விடும்.

கொலாப் முதல்முறையாகத் தலை நிமிர்ந்தாள். "அப்ப நான் கொல்லலியா அக்கா?"

"நீ இல்லம்மா. நாங்க."

கொலாப் எழுந்து உட்கார்ந்து, இருந்த பலத்தையெல்லாம் சேர்த்து மாலிஸின் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாள். பிறகு நோட்டைப் பிடுங்கி, பிள்ளையின் துண்டுக்குள் செருகிக்கொண்டாள்.